சாவியும் ஆளும்

செல்போனில் நிறுவப்படும் கிளையன்ட் சான்றிதழ், அந்தப் போனை வைத்திருப்பவர் இன்னார் என்று எதிர்முனையில் உள்ள சர்வருக்குச் சொல்லும் மின்னணு ஆவணம். வங்கித் தளத்தைத் திறக்கும்போது வழக்கமாக நடப்பது வேறு. அங்கே தளம்தான் தன் சான்றிதழைக் காட்டுகிறது. வாடிக்கையாளர் பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் தட்டி உள்ளே போகிறார். கிளையன்ட் சான்றிதழ் கேட்கும் இடத்தில் இரு தரப்பும் சான்று காட்ட வேண்டும். நிறுவனங்களின் உள் மின்னஞ்சல், வி.பி.என்., பாஸ்வேர்டு கேட்காத அலுவலக வைஃபை ஆகியவற்றில் இது நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. இதன் கணிதம் உறுதியானது; கேள்வி எழுவது வேறிடத்தில். இந்த ஆவணம் நிரூபிப்பது ஆளையா, ஆளிடம் இருக்கும் ஒரு பொருளையா? நிரூபிக்கிற ஆவணத்தை நிரூபிப்பது எது? இந்த இரண்டையும் இந்தியத் தத்துவம் அளவையியலில் பல நூற்றாண்டுகள் விவாதித்திருக்கிறது. பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் நின்று இவற்றைப் பார்ப்பது பொருத்தமானது. சாவி வைத்திருப்பதற்கும் உரிமையாளராக இருப்பதற்கும் இடையே உள்ள தூரம் அந்த ஊரின் பட்டறைகளுக்கு நன்றாகத் தெரியும்.

சான்றிதழுக்குள் இருப்பவை சிலவே: பெறுபவர் பெயர், வழங்கியவர் பெயர், செல்லுபடியாகும் காலம், ஒரு வரிசை எண், ஒரு பொதுச்சாவி, கடைசியில் வழங்கியவரின் மின்கையொப்பம். இந்த அமைப்பை வகுத்த எக்ஸ்.509 என்ற தரநிலை முதலில் 1988-இல் வெளிவந்தது. திருத்தங்களுடன் இன்றும் அதுவே நடப்பு. பொதுச்சாவிக்கு இணையாக ஒரு தனிச்சாவி உண்டு. அது சான்றிதழில் இடம்பெறாது; போனுக்குள் மட்டுமே இருக்க வேண்டியது. இணைப்பு தொடங்கும்போது சர்வர் சான்றிதழ் கேட்கிறது. போன் அதை அனுப்பி, கூடவே அதுவரை இருவருக்கும் இடையே நடந்த பரிமாற்றம் முழுவதின் மீதும் தனிச்சாவியால் கையொப்பமிட்டு அனுப்புகிறது. பொதுச்சாவியைக் கொண்டு சர்வர் அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. தனிச்சாவி போனை விட்டு வெளியே வரவே இல்லை. ஆனாலும் அது அங்கே இருக்கிறது என்பது சர்வருக்கு உறுதியாகிவிடுகிறது. பாஸ்வேர்டு முறையில் ரகசியத்தைச் சொன்னால்தான் நிரூபணம். சொன்ன கணமே அது இன்னொருவருக்கும் தெரிந்ததாகிவிடுகிறது. இங்கே ரகசியம் ரகசியமாகவே இருந்துகொண்டு சாட்சி சொல்கிறது. போலித் தளம் ஒன்று பாஸ்வேர்டைக் கறப்பதுபோல் இதைக் கறக்க முடியாது. இணைப்பைக் காக்கும் டி.எல்.எஸ். நெறிமுறையில், 2018-இல் வெளியான 1.3-க்கு முந்தைய பதிப்புகளில் கிளையன்ட் சான்றிதழ் மறைப்பில்லாமல் பயணித்தது. வழியில் ஒட்டுக்கேட்பவர் அதில் உள்ள பெயரைப் படித்துவிடலாம். புதிய பதிப்பு அந்தத் திறப்பை அடைத்துவிட்டது.

வேடசந்தூர் சாலையில் ஒரு நூற்பாலை அலுவலகத்தை எண்ணிக்கொண்டால் நிறுவும் முறை விளங்கும். பஞ்சு கொள்முதல் பார்க்கும் ஊழியருக்கு அலுவலகத்திலிருந்து .பி12 என்று முடியும் ஒரு கோப்பு வருகிறது. அவருடைய சான்றிதழ், தனிச்சாவி, வழங்கியவரின் சான்றிதழ் ஆகிய மூன்றும் அதில் ஒரே பொட்டலமாக, பாஸ்வேர்டு போட்டுக் கட்டப்பட்டிருக்கும். அந்தப் பாஸ்வேர்டையும் அதே மின்னஞ்சலில் எழுதி அனுப்புவது பரவலான தவறு. அதை நேரிலோ தொலைபேசியிலோ சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸின் பாதுகாப்புப் பகுதிக்குள் சான்றிதழ் நிறுவும் இடத்தைத் தொட்டால் மூன்று வகைகள் வரும்: சி.ஏ. எனப்படும் சான்றளிப்பு அமைப்பின் சான்றிதழ், வி.பி.என். மற்றும் ஆப்களுக்கான பயனர் சான்றிதழ், வைஃபை சான்றிதழ். ஆலையின் தளத்துக்கும் வி.பி.என்.னுக்கும் பயனர் சான்றிதழ் வேண்டும், வைஃபைக்கு மூன்றாவது. கோப்பைத் தேர்ந்து, பாஸ்வேர்டைத் தட்டி, ஒரு பெயர் வைத்தால் வேலை முடிந்தது. திரைப்பூட்டு போடாத போனாக இருந்தால் முதலில் பின் எண்ணோ பேட்டர்னோ வைக்கச் சொல்லும். ஆலையின் தளத்தைத் திறக்கும்போது எந்தச் சான்றிதழைக் காட்டலாம் என்று பிரவுசர் கேட்கும். ஐபோனில் கோப்பைத் தொட்டதும் அது புரொஃபைலாக இறங்கும், செட்டிங்ஸில் வி.பி.என்., சாதன மேலாண்மை என்ற பகுதிக்குப் போய், போனின் பாஸ்கோடைக் கொடுத்து நிறுவ வேண்டும்.

சில நிமிடங்களில் முடிகிற இந்த வேலையில் ஒரு கேள்வி கவனத்துக்கு வராமலே போகிறது: சாவியை வெட்டியவர் யார்? .பி12 கோப்பாக வந்தது என்றால் தனிச்சாவி ஆலையின் கணினியில் உருவாகியிருக்கிறது. அங்கே ஒரு பிரதி தங்கியிருக்கலாம். மின்னஞ்சலில் ஒன்று, போனின் டவுன்லோடு பகுதியில் ஒன்று என்று மேலும் பிரதிகள் கிடக்கின்றன. இன்னொரு முறையும் உண்டு. போன் தனக்குள் இருக்கும் பாதுகாப்பு வன்பொருளில் சாவி இணையைத் தானே உருவாக்கிக்கொண்டு, பொதுச்சாவியை மட்டும் வெளியே கொடுத்து, இதற்குச் சான்றிதழ் தாருங்கள் என்று கேட்கும். ஐபோனில் செக்யூர் என்க்ளேவும், ஆண்ட்ராய்டு 9 முதல் சில போன்களில் ஸ்ட்ராங்பாக்ஸ் என்ற தனிச் சில்லும் இதற்காக இருக்கின்றன. அப்படிப் பிறந்த தனிச்சாவியை அதன் உரிமையாளரே கண்ணால் பார்க்க முடியாது; பயன்படுத்த மட்டுமே முடியும். இரண்டு முறைகளிலும் சர்வரின் திரையில் தெரிவது ஒன்றே. சாட்சியத்தின் வலுவோ ஒன்றல்ல.

திண்டுக்கல் பூட்டுத் தொழில் இந்த வேறுபாட்டைக் கைவேலையாகக் காட்டுகிறது. நாகல்நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் தலைமுறைகளாக நடந்துவரும் இத்தொழிலுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டின் உள்ளே அடுக்கடுக்காக நெம்புத் தகடுகள் இருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் அதற்குரிய தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். தகடுகளைச் சாவியோடு வைத்துப் பார்த்து, மயிரிழை மயிரிழையாக அரத்தால் அராவிப் பொருத்துகிறார்கள். கையால் செய்வதால் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. கோயில்களுக்கும் கிட்டங்கிகளுக்கும் போகும் பெரிய பூட்டுகளில் இரண்டு சாவிகளைப் போட்டால்தான் திறக்கும்படி செய்வதும் உண்டு. இத்தனை நுட்பத்துக்குப் பிறகும் வாங்குபவர் ஒன்றை நம்பித்தான் ஆக வேண்டும்: அரம் பிடித்தவர் இன்னொரு சாவி வெட்டி வைத்துக்கொள்ளவில்லை என்பதை. பூட்டைப் பிரித்துப் பார்த்து அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. பட்டறைக்காரரின் நாணயம் ஒன்றுதான் அதற்கு ஈடு. தகடுகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் அந்த நாணயத்தின் தேவை குறைவதில்லை. செல்போன் வன்பொருள் சாவியை உள்ளேயே உருவாக்கும்போதும் நம்பிக்கை மறைந்துவிடவில்லை. அலுவலகத்தின் மேல் இருந்தது சில்லு செய்த நிறுவனத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

இனி முதல் கேள்வி: நிரூபிக்கப்படுவது ஆளா, ஆளிடம் இருக்கும் பொருளா? சர்வருக்கு நேரடியாகத் தெரிவது கையொப்பம் சரியாக இருக்கிறது என்பது மட்டுமே. அதிலிருந்து, தனிச்சாவி மறுமுனையில் இருக்கிறது என்பது ஐயமில்லாமல் பெறப்படும். இன்ன ஊழியர் வந்திருக்கிறார் என்ற அடுத்த படியோ வேறு வகையானது. இந்தியத் தர்க்கப் பள்ளியான நியாய மரபு இந்த இடத்தில் மிகக் கூர்மையான கருவி ஒன்றை வைத்திருக்கிறது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது தவறாத உடன்நிகழ்ச்சி. நெருப்பு உள்ள இடத்தில் புகை உண்டு என்பது அப்படியல்ல; பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு இருக்கும், புகை இராது. விறகு ஈரமாக இருந்தால்தான் நெருப்பிலிருந்து புகையை ஊகிக்கலாம். சொல்லப்படாமல் ஒளிந்திருந்து ஊகத்தைத் தாங்கும் இப்படிப்பட்ட நிபந்தனையை நியாயவாதிகள் உபாதி என்றார்கள். உபாதியைக் காணாமல் செய்த ஊகம் எந்த நேரமும் சறுக்கும். சாவி இருக்கிறது, ஆகவே ஆள் இருக்கிறார் என்பதும் உபாதி உள்ள ஊகம். சாவி அவர் கையை விட்டு ஒருபோதும் போகவில்லை என்பதே அந்த ஈர விறகு. கணிதம் இதைத் தொடுவதே இல்லை. போனுக்குத் திரைப்பூட்டு கேட்பதும், விரல் ரேகை கேட்பதும் உபாதியைக் கொஞ்சம் வலுப்படுத்தும் முயற்சிகள். அவையும் ஆளின் விரலை அறியும். அந்த விரல் விருப்பத்தோடு வைக்கப்பட்டதா, வற்புறுத்தி வைக்கப்பட்டதா என்பதை அறியா.

இந்தியச் சட்டம் இந்த உபாதியை ஒரு கடமையாக எழுதி வைத்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, மின்கையொப்பச் சான்றிதழ் பெற்றவர் தனிச்சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கத் தக்க கவனம் எடுக்க வேண்டும் என்கிறது. சாவி பறிபோனால் தாமதமில்லாமல் வழங்கிய நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும்வரை பொறுப்பு அவருடையதே. ஊகம் நிற்பதற்கு வேண்டிய நிபந்தனையை இயந்திரத்தால் காக்க முடியாது என்பதால், சட்டம் அதை மனிதரின் ஒழுக்கத்திடம் ஒப்படைத்திருக்கிறது.

நடைமுறை வேறு மாதிரி இருக்கிறது. மின்கையொப்பச் சான்றிதழைத் தாங்கிய, டி.எஸ்.சி. டோக்கன் என்று எல்லோரும் சொல்லும் யு.எஸ்.பி. கருவி, உரிமையாளரின் சட்டைப்பையில் இருப்பதைவிட ஆடிட்டர் அலுவலக மேசை இழுப்பறையில் இருப்பதே அதிகம். டோக்கனின் பாஸ்வேர்டு ஒரு ஒட்டுத்தாளில் எழுதி அதோடு சுற்றப்பட்டிருக்கும். ஜி.எஸ்.டி. கணக்கு, ஒப்பந்தப்புள்ளி, நிறுவனப் பதிவேடு என்று கடைசி நாள்கள் நெருக்கும்போது யாராவது ஒருவர் செருகி, தட்டி, வேலையை முடிக்க வேண்டியிருக்கிறது. முதலாளி திருச்சியிலோ திருப்பூரிலோ இருப்பார். இதை ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. ஒருவருக்காக இன்னொருவர் செய்வது மனித வாழ்வின் இயல்பு. ஆயினும் இங்கே ஏதோ ஒன்று கெடுகிறது. கெடுவது எது என்பதைத் தெளிவாகப் பார்க்கச் சமய வழக்கம் ஒன்று உதவுகிறது.

திண்டுக்கல் அபிராமி அம்மன் கோயிலில் அர்ச்சனைச் சீட்டோடு நிற்பவரிடம் அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கோத்திரமும் கேட்கிறார். அவற்றைச் சொல்லிச் சங்கற்பம் செய்த பிறகே அர்ச்சனை தொடங்குகிறது. மந்திரம் சொல்வது அர்ச்சகர், பூ இடுவதும் அவர் கை. பலன் சீட்டு வாங்கியவருக்கு. வேதச் சடங்கு விதிகளை ஆராய்ந்த மீமாம்சகர்கள் இதையே வேள்வி விஷயத்தில் விரிவாக ஆராய்ந்தார்கள். வேள்வியைச் செய்விப்பவர் எஜமானர், செய்பவர்கள் தட்சணை பெற்ற ரித்விக்குகள். காரியம் பலர் கையில் இருந்தாலும் கர்த்தா யார் என்பதில் குழப்பம் வருவதில்லை. காரணம், இன்னாருக்காக இன்னார் செய்கிறார் என்பது முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லப்பட்டுவிடுகிறது. அர்ச்சகர் தம்மைப் பக்தராகக் காட்டிக்கொள்வதில்லை. டோக்கனை இரவல் வாங்கிக் கையொப்பமிடுபவர் செய்வது இதற்கு நேர்மாறு. செய்பவரின் பெயர் முற்றிலும் மறைந்து, செய்யாதவர் செய்ததாகவே பதிவாகிறது. ஆகவே கேடு ஒப்படைப்பில் இல்லை, ஒப்படைப்பை மறைப்பதில் இருக்கிறது. அலுவலகச் சான்றிதழ் விஷயத்தில் இதற்கு எளிய வழியும் உண்டு. ஒரே சான்றிதழை ஐந்து போன்களில் நிறுவாமல், ஐந்து பேருக்கும் அவரவர் பெயரில் தனித்தனிச் சான்றிதழ் கொடுத்து, இவர் இன்ன காரியத்துக்கு உரியவர் என்று சர்வரில் எழுதி வைக்கலாம். சங்கற்பத்தின் வேலையை அது செய்யும்.

இரண்டாவது கேள்வி இன்னும் ஆழமானது. ஊழியரின் சான்றிதழை ஆலையின் சான்றளிப்பு அமைப்பு வழங்கியது. அதை ஏன் நம்ப வேண்டும்? அதற்கு மேலே ஒன்று கையொப்பமிட்டிருக்கிறது. மேலே போகப் போக ஒரு வேர்ச்சான்றிதழ் வருகிறது. அதில் வழங்கியவர் பெயரும் பெறுபவர் பெயரும் ஒன்றே. தனக்குத் தானே கையொப்பமிட்டுக்கொண்ட ஆவணம் அது. எல்லா நம்பிக்கையும் அதன் மேல் நிற்கிறது. அது எதன் மேலும் நிற்கவில்லை.

பௌத்த ஆசிரியர் நாகார்ச்சுனர், அறிவைத் தரும் வழிகளான அளவைகளைப் பற்றி எழுப்பிய ஆட்சேபம் இதே இடத்தைக் குறிவைத்தது. அளவை ஒன்றை இன்னோர் அளவை நிறுவுகிறது என்றால் அதை நிறுவ மற்றொன்று வேண்டும், முடிவே இராது. எதுவும் நிறுவ வேண்டியதில்லை என்றால், எல்லாவற்றுக்கும் சான்று வேண்டும் என்ற கொள்கையையே கைவிட வேண்டும். நியாய மரபின் மறுமொழி நிதானமானது. தராசு பொன்னை நிறுக்கிறது. தராசின் மேலேயே ஐயம் வந்தால் நிறை தெரிந்த பொன்னைக் கொண்டு தராசைச் சோதிக்கலாம். ஒன்று எப்போதும் அளப்பதாகவும் மற்றது எப்போதும் அளக்கப்படுவதாகவும் இருக்க வேண்டியதில்லை. நடைமுறையில் பயன்பட்டு வெற்றி தருகிறதா என்பதும் சோதனையே. மீமாம்சகரான குமாரிலர் வேறு வழியில் போனார். அறிவு தோன்றும்போதே செல்லுபடியாகும் தன்மையோடு தோன்றுகிறது. அதை முறிக்கும் இன்னோர் அறிவு வரும்வரை, அல்லது அது பிறந்த வழியில் குறை இருப்பது தெரியும்வரை, அது நிற்கும். சான்று கேட்டுக்கொண்டே போவதை நிறுத்துவது இன்னொரு சான்று அல்ல; ஐயப்படக் காரணம் இல்லாமையே.

தமிழிலும் இந்த விவாதம் பழையது. மணிமேகலையில் வஞ்சி நகரில் சமயக்கணக்கர்களிடம் கேள்வி கேட்கும் மணிமேகலைக்கு முதலில் பதில் சொல்பவர் அளவைவாதி. அளவைகளைப் பத்தாகவும் எட்டாகவும் ஆறாகவும் கொண்டோர் அங்கே பேசப்படுகிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளை எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கினார். சான்றிதழைக் காண்டல் என்று சொல்ல முடியாது. எவரும் எவரையும் பார்க்கவில்லை. கருதல் ஓரளவு உண்டு. அடிப்படையில் அது உரை: இன்னார் இன்னாரே என்று நம்பத்தக்க ஒருவர் சொல்வது. அப்படியானால் நம்பத்தக்கவர் யார் என்பதே கேள்வி. நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் ஆப்தன் எனப்படும் நம்பத்தக்கவனுக்கு இலக்கணம் சொன்னபோது, பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும், அறிந்தபடியே பிறருக்கு அறிவிக்கும் விருப்பம் இருக்க வேண்டும் என்றார். இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்றும் சேர்த்துச் சொன்னார். குலமோ பீடமோ ஒருவரை ஆப்தனாக்குவதில்லை என்ற இந்தத் துணிவு, இன்றைய சான்றளிப்பு நிறுவனங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது.

இந்தியாவில் மின்கையொப்பச் சான்றிதழ்களின் வேர், சான்றளிப்பு நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அதிகாரி என்ற அரசு அமைப்பிடம் இருக்கிறது. 2014 ஜூலையில் அந்த வேரின் கீழ் இருந்த தேசியத் தகவல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் அங்கீகாரமற்ற சான்றிதழ்கள் வெளிவந்திருப்பதைக் கூகுள் கண்டுபிடித்தது. அந்த வேரை ஏற்றிருந்த விண்டோஸ் கணினிகள் அவற்றை உண்மையென்றே எடுத்துக்கொண்டிருக்கும். இடைநிலைச் சான்றிதழ்கள் உடனே ரத்துசெய்யப்பட்டன. குரோம் பிரவுசர் அந்த வேரின் அதிகாரத்தைச் சில இந்தியப் பெயர்வெளிகளுக்குள் சுருக்கியது. வாத்ஸ்யாயனரின் இரண்டு நிபந்தனைகளில் முதலாவது அங்கே முறிந்திருந்தது. பெயருக்கு உரியவர் யார் என்பதை நேரே அறியாமல் அந்தச் சங்கிலியிலிருந்து உரை வெளிவந்துவிட்டது. அரசின் வேர் என்பதால் அது தவறாது என்று எண்ணியிருந்தால் தவறு வெளிப்பட்டே இராது.

சங்கிலியாக வரும் நம்பகத்தைச் சமயங்கள் கணினிக்கு வெகு காலம் முன்பே கையாண்டிருக்கின்றன. திண்டுக்கல் சமவெளியில் அவற்றின் மூன்று வடிவங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குரிய வைணவ மரபில் குருபரம்பரை ஆசாரியர்கள் வழியே மேலேறி, இராமாநுசர், நாதமுனிகள், நம்மாழ்வார் என்று போய், சேனை முதலியாரையும் பிராட்டியையும் கடந்து பெருமாளிடம் முடிகிறது. அந்த வேரைச் சான்று காட்டச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. எல்லாச் சான்றும் அதிலிருந்து வருவதாகவே கொள்ளப்படுகிறது. பேகம்பூர்ப் பள்ளிவாசலுக்குரிய இஸ்லாமிய மரபில் நபிமொழி ஒவ்வொன்றும் யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற இஸ்னாதோடு வருகிறது. சங்கிலி நபியைத் தொடுகிறது என்பதோடு அறிஞர்கள் நின்றுவிடவில்லை. இடையில் உள்ள ஒவ்வொருவரின் நினைவாற்றல், நேர்மை, இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்து சந்தித்திருக்க முடியுமா என்பது வரை ஆராய்ந்து, அதற்கென ஒரு தனி இயலையே வளர்த்தார்கள். ஒரு கண்ணி பலவீனமானால் மொழி முழுவதும் பலவீனமானது என்று வகைப்படுத்தினார்கள். 2003-இல் தனி மறைமாவட்டமான திண்டுக்கல்லின் கத்தோலிக்க மரபில் ஆயர் ஒருவரை வேறு ஆயர்களே திருநிலைப்படுத்துகிறார்கள். குறைந்தது மூன்று ஆயர்கள் வேண்டும் என்று 325-இல் நிசேயாவில் கூடிய சங்கம் விதித்தது. ஒரே கண்ணியை நம்பாமல் மூன்றைக் கோத்துக்கொள்ளும் விவேகம் அது. இம்மூன்றில் சான்றிதழ்த் தொழில்நுட்பத்துக்கு மிக அருகில் நிற்பது இஸ்னாத் ஆராய்ச்சி. அதுவே சங்கிலியை மதித்துக்கொண்டே கண்ணிகளைச் சந்தேகிக்கவும் கற்றுத்தருகிறது.

இந்தப் பின்னணியில் செட்டிங்ஸ் திரைக்குத் திரும்பினால், அங்கே ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் தேர்வுகள் ஒரே தன்மையவை அல்ல என்பது விளங்கும். பயனர் சான்றிதழை நிறுவுபவர் தம்மைப் பற்றிய சான்றைத் தம்மிடம் வைத்துக்கொள்கிறார். சி.ஏ. சான்றிதழை நிறுவுபவரோ ஒரு புதிய வேரை ஏற்கிறார். இனி இவர் யாரைக் காட்டி இன்னார் என்றாலும் நம்புவேன் என்று போனுக்குச் சொல்கிறார். அந்த வேரைக் கையில் வைத்திருப்பவர் நினைத்தால் இடையில் நின்று, வேறு தளத்தின் வேடத்தில் போனோடு பேச முடியும். முதலாவது அடையாள அட்டை வாங்குவது என்றால் இரண்டாவது குருவை ஏற்பதற்குச் சமம். அலுவலகத்தார் அனுப்பிய குறிப்பில் இரண்டும் அடுத்தடுத்த படிகளாக இருப்பதால் இரண்டையும் ஒரே வேகத்தில் தொட்டுவிடுகிறார்கள். இயங்குதளங்கள் இந்த அபாயத்தை உணர்ந்திருக்கின்றன. பயனர் சேர்த்த வேர் உள்ள போனில், நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம் என்று ஆண்ட்ராய்டு எச்சரிக்கும். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், ஆப்கள் தாமாக விரும்பி ஏற்றாலொழிய அத்தகைய வேரை மதிப்பதில்லை. ஐபோனில் 2017-இன் ஐ.ஓ.எஸ். 10.3 முதல், கையால் வேரை நிறுவுவது ஒரு படி, அதை முழுமையாக நம்பச் சொல்வது தனியான இன்னொரு படி. நிறுவுவதும் நம்புவதும் இரு வேறு செயல்கள் என்பதை அந்த வடிவமைப்பு சரியாகப் பிடித்திருக்கிறது. ஆலையின் சொந்தத் தளங்களைத் திறக்க அந்த வேர் உண்மையிலேயே தேவைப்படலாம். அப்போது யாருடைய வேர், எதற்காக, எத்தனை நாளைக்கு என்று ஊழியர் கேட்பது நியாயம். பதில் சொல்வது அலுவலகத்தின் கடமை. சொந்தப் போனாக இருந்தால் அந்தக் கடமை இரட்டிப்பாகிறது.

ஏற்ற நம்பிக்கையைத் திரும்பப் பெறும் முறை குமாரிலரின் கொள்கையை ஒத்திருக்கிறது. சான்றிதழ் வழங்கிய நாள் முதல் காலம் முடியும்வரை செல்லும். நாள்தோறும் அதைப் புதிதாக நிரூபிக்க வேண்டியதில்லை. முறிக்கும் செய்தி வந்தால் மட்டும் விழும். அந்தச் செய்திதான் ரத்துப் பட்டியல். போன் தொலைந்தது, ஊழியர் விலகினார், சாவியின் பிரதி வெளியே போனது என்ற காரணங்களால் வழங்கியவர் வரிசை எண்ணைப் பட்டியலில் சேர்க்கிறார். சர்வர் பட்டியலைப் பார்த்து மறுக்கிறது. பட்டியலைப் பார்க்கும்படி சர்வரை அமைக்காவிட்டால் முறிக்கும் அறிவு இருந்தும் பயனில்லை. வேர்ச்சான்றிதழ் மட்டும் இந்த ஒழுங்குக்கு வெளியே நிற்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சான்றளிப்பு அமைப்பு சார்ந்திருந்த பழைய வேர் ஒன்றின் காலம் 2021 செப்டம்பர் 30-இல் முடிந்தது. ஆயினும் பழைய ஆண்ட்ராய்டு போன்கள் அதைத் தொடர்ந்து ஏற்றன. வேரின் முடிவுத் தேதியை அவை பார்ப்பதில்லை. வேரை நம்புவது அதில் எழுதியிருப்பதற்காக அல்ல, அது போனின் நம்பகப் பட்டியலில் வீற்றிருப்பதற்காக. அதை இறக்க அதற்கு மேலே யாரும் இல்லாததால், பட்டியலை வைத்திருப்பவரின் கை மட்டுமே இறக்க முடியும்.

போனை மாற்றும்போதும் விற்கும்போதும் செய்ய வேண்டியது இதிலிருந்து பெறப்படும். செட்டிங்ஸில் நற்சான்றுகளை (கிரெடென்ஷியல்ஸ்) அழித்தால் அந்தப் போனில் இருந்த சாவி போகும்; .பி12 கோப்பும் மின்னஞ்சல் பிரதியும் தனியே அழிக்கப்பட வேண்டும். அவ்வளவும் செய்த பிறகும் சான்றிதழ் ஆலையின் கணக்கில் உயிரோடுதான் இருக்கும். வன்பொருளில் பிறந்த சாவியாக இருந்தால் அழித்ததோடு அது பயனற்றுப் போகும். வேறெங்கோ உருவான சாவியாக இருந்தால் பிரதி வைத்திருப்பவர் அதே பெயரில் தொடர்ந்து வரலாம். ஊழியர் இறந்துபோனாலும் நிலை இதுவே: பெயருக்கு உரியவர் இல்லாமல் போனது சர்வருக்குத் தானாகத் தெரிய வழியில்லை, குடும்பத்தாரோ அலுவலகத்தாரோ சொன்னால்தான் தெரியும். ஆகவே விலகும் நாளில் அடையாள அட்டையும் அறைச்சாவியும் திரும்ப வாங்கும் அலுவலகம், சான்றிதழை ரத்துசெய்து அதன் வரிசை எண்ணைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். சி.ஏ. வேர் ஒன்றை நிறுவியிருந்தால் ஊழியர் தம் பங்குக்குப் பயனர் நற்சான்றுகளின் பட்டியலைத் திறந்து அதையும் நீக்கிவிட வேண்டும்.